குழாயைக் காட்டச் சொன்னவன்

நாற்காலியில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நடுவில் எழுந்து நின்றால் மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம், மேடம். சின்ன வயதில் ஜல்லிக்கூடை சுமந்த இடுப்பு. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ரிப்பேர் இல்லப்பா, தேய்மானம்" என்றார். இதைச் சொல்லி இரக்கம் தேடவில்லை. நின்றுகொண்டு பேசினால் எனக்குப் பேச்சு கொஞ்சம் நேராக வரும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வீடு தர மறுத்தார்கள் என்று இந்த அலுவலகத்துக்கு வந்த மனுக்களில் அறுபத்து நான்கில், "வீட்டுக்காரர் முதலில் குழாயைக் காட்டினார்" என்ற வரி ஏன் இருக்கிறது என்று கேட்டீர்கள். மனு எழுதியவர்களுக்கே அது தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு முன் இந்த மேசையில் இருந்தவர்களும் படித்திருப்பார்கள், கண்ணில் பட்டிருக்காது. உங்களுக்குப் பட்டது. அந்த வரிக்குக் காரணம் நான். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் இங்கே சோதனை ஆள். ஆறு வருடமாக. வீடு வாடகைக்கு விடுபவர்கள் ஆள் பார்த்து விடுகிறார்களா என்று கண்டுபிடிக்க, அரசாங்கம் இரண்டு இரண்டு பேராக அனுப்புகிறது. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே அளவு குடும்பம், ஒரே மாதிரி சட்டை. ஒருவர் ஊருக்குள் பிறந்தவர். மற்றவர் வாய்க்கால்கரை ஆள். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேருகிற வாய்க்காலின் இரண்டு கரையிலும் தகரக் கூரை போட்ட வீடுகள் இருந்தனவே, அங்கே பிறந்த ஆள். அடைப்பு எடுப்பவர்கள், குப்பை பிரிப்பவர்கள், கல் உடைப்பவர்கள், ஆஸ்பத்திரித் துணி வெளுப்பவர்கள் எல்லாம் அங்கேதான். ஊர் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்னால் பாதி வேலையை முடித்திருப்பார்கள். ஆனால் ஊருக்குள் வீடு கேட்டால் கிடைக்காது.

என் ஜோடி ஒரு பேங்க்காரர். ஓய்வு பெற்ற மனிதர், நல்லவர். நான் கரை ஆள். நடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. நான் கரையில்தான் பிறந்தேன்.

'முன்னால் எங்கே இருந்தீர்கள்' என்று வீட்டுக்காரர் கேட்கக் கூடாது என்பது சட்டம். கேட்கிறாரா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கேட்டால் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். "வாய்க்கால்கரை." சொன்னதும் வீடு போய்விடும். "அடடா, காலையிலதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து பேங்க்காரர் போவார். அதே வீடு அவருக்காகக் காலியாக இருக்கும். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று சொல் மாறாமல் தாளில் எழுதுவோம். அபிப்பிராயம் எழுதக் கூடாது. காதில் விழுந்ததை மட்டும்.

முதல் வருடம் நூறு வீடு போனோம். எழுபத்தொரு பேர் மாட்டினார்கள். அபராதம் கட்டினார்கள். நான் நன்றாகத்தான் வேலை செய்தேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்ன விஷயம். வேலையில் சேர்ந்தபோது பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஜோடியில் இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் பேச வேண்டும், அப்போதுதான் சோதனை சரியாக இருக்கும் என்று எழுதியே கொடுத்தார்கள். ஒத்திகையில் நான் குழாயைப் பார்த்து, "தண்ணி எப்ப விடுவாங்க?" என்று கேட்டேன். பேங்க்காரர் சிரித்துவிட்டார்.

"விடறதுக்கு அது என்ன ஆடா மாடா? வருமான்னு கேளுய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம்தான் யோசித்துப் பார்த்தேன். கரையில் நூற்று எண்பது வீட்டுக்கு மூன்று பொதுக்குழாய். வால்வு திறக்க ஒரு ஆள் வருவார். அவர் வந்தால் தண்ணீர். அவருக்கு யார் மீதாவது கோபம் என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் இல்லை. அதனால் எங்கள் வாயில் தண்ணீர் தானாக வராது. யாரோ ஒருவர் விட வேண்டும். சம்பாதித்து நல்ல சட்டை போட்டாலும், படித்தாலும், கரை ஆள் 'விடுவாங்க' என்றுதான் கேட்பான். ஊரில் பிறந்தவன் 'வரும்' என்பான். இரண்டு பேருக்கும் தாங்கள் அப்படிப் பேசுவதே தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஆயிரம் தடவை சொல்லிப் பழகி நாக்கைத் திருப்பினேன்.

அந்த நாக்கோடு எனக்கென்று ஒரு வீடு தேடினேன். முதல் வீடே கிடைத்தது. மாடியில் இரண்டு அறை, கிழக்குப் பக்கம் ஜன்னல், உள்ளேயே கழிப்பறை. வீட்டுக்காரர் கீழே முன்பக்கம் இருந்தார். அந்தத் தெரு வீட்டுக்காரர் சங்கத்தின் செயலாளர் என்பதால் எல்லோரும் சங்கத்துக்காரர் என்பார்கள். அரசாங்க ஆபீஸில் கணக்குப் பிரிவு என்று சொல்லி வைத்தேன். அக்காவிடம், ஆபீஸ் குவார்ட்டர்ஸில் அறை கிடைத்திருக்கிறது, வெளியாட்கள் வரக் கூடாது என்று சொன்னேன். அவள் நம்பினாள். அக்கா என்றால் எனக்கு எட்டு வயது மூத்தவள். ஜல்லி உடைக்கும் இடத்தில் என் கூடையிலிருந்து பாதியை அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொண்டு, "நீ பள்ளிக்கூடம் போடா, உன் இடுப்பு ஒண்ணுத்துக்கும் உதவாது" என்று துரத்தியவள்.

குடிவந்து நாலு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"இந்தச் சட்டம் வந்ததுல இருந்து தூக்கமே இல்ல தம்பி. எங்க இருந்து வர்றேன்னு கேக்கக் கூடாதாம். வர்றவன் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில வர்றான். யாரு எவருன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?" கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஆமா, நீங்க முன்னால எங்க இருந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு என் சோதனைத்தாளில் ஒரு கட்டம் உண்டு. டிக் போட்டால் போதும். அபராதம் உறுதி. அத்தனை வீட்டில் போட்ட டிக்கை அன்றைக்குப் போடவில்லை. அவர் பார்வையை என் மீதிருந்து எடுக்க வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கு சார் கேக்கணும்? குழாயைக் காட்டுங்க. நம்ம ஆள்னா தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு கேப்பான். கரை ஆள்னா எப்ப விடுவாங்கன்னு கேப்பான்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஆமாய்யா. எங்க வீட்டுல சாக்கடை அடைப்பெடுக்க வர்றவன் அப்படித்தான் கேப்பான்." என் தோளில் தட்டினார். 'நம்ம ஆள்' என்று நான் சொன்னதையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று தெரிந்தது. எனக்கு அந்தத் தட்டு பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை, மேடம். இரண்டு நாள் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு நகைச்சுவை, அவ்வளவுதானே. ஆனால் அவர் சங்கக் கூட்டத்தில் சொன்னார். பக்கத்துத் தெரு சங்கத்துக்குப் போனது. புரோக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் ஊர் முழுக்க அது ஒரு பேச்சாகிவிட்டது. ஒரு வீட்டுக்காரர் இன்னொருவரிடம், "புது ஆளுக்குக் குழாய் காட்டியாச்சா?" என்று கேட்பார். "காட்டியாச்சு, விடுவாங்களாம்" என்று பதில் வரும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பஸ்ஸில் என் பக்கத்திலேயே இதைக் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் சோதனை எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். நானும் பேங்க்காரரும் போகிறோம். யாரும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பதில்லை. மரியாதையாகக் கூட்டிப்போய்க் குழாயைக் காட்டுகிறார்கள். அலுவலகம் எழுதிக் கொடுத்தபடி, "எத்தனை மணிக்கு வரும்?" என்கிறேன். வீடு எனக்கும் உண்டு, பேங்க்காரருக்கும் உண்டு. 'வேறுபாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அப்படி நூற்றுப் பன்னிரண்டு தாள். எடுத்துப் பாருங்கள், ஒரு வரிகூடப் பொய் கிடையாது. காதில் விழுந்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

பேங்க்காரர் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், "ஊரு திருந்திடுச்சுய்யா. உன் வாழ்நாள்ல பாத்துட்டே, குடுத்து வச்சவன் நீ" என்றார். கண் கலங்கியிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பேனாவை மூடினேன். பழைய இயக்குநர் அம்மா எனக்குக் கண்ணாடி பிரேம் போட்ட சான்றிதழ் கொடுத்தார். பிறகு சோதனை ஆட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். கரை ஜனங்கள் கொடுத்த மனுக்களை, 'சோதனையில் வேறுபாடு காணப்படவில்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு வரிக்கு ஆதாரம் என் தாள்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சங்கத்துக்காரருக்குப் பின்பக்கத்தில் இன்னொரு வீடு இருந்தது. அதைப் பார்க்க ஆள் வரும்போதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே நின்று, "தம்பி, கொஞ்சம் கீழ வாங்க. உங்க காது வேணும்" என்பார். சில பேர் தெளிவாகப் பேச மாட்டார்கள். சில பேர் குழாயைப் பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்க மாட்டார்கள். நான் ஓரமாக நின்று வேறு இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுப்பேன். பிறகு அவரைப் பார்ப்பேன். நான் தலையை ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். அப்படிப் பதினொரு பேரைக் கேட்டேன். நான்கு பேருக்குத் தலையை ஆட்டினேன்.

நான்காவது என் அக்கா.

போன வருடம் வாய்க்கால்கரையைக் காலி செய்யச் சொல்லி அறுபது நாள் கெடு கொடுத்தார்கள். வீடு தேடிக்கொள்ள முடியாதவர்களுக்கு ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டரில் கொட்டகை. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாமா முப்பது வருடம் சாக்கடைக்குள் இறங்கியவர், நுரையீரல் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை அதே ஆஸ்பத்திரிக்கு வந்து மூச்சுக்கு மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். கொட்டகையிலிருந்து அது முடியாது என்று டாக்டரே சொன்னார். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு அறை போதும் என்று தேடினாள். வேலை முடிந்து ஈரப் புடவையோடு தெருத் தெருவாக நடந்தாள். முப்பது வீடு பார்த்தாள். எனக்கு வாரா வாரம் போன் செய்து சொல்வாள்.

"வீட்டைக் காட்டுறாங்களோ இல்லையோ, குழாயைக் காட்டிடறாங்கடா. என்னைப் பாத்தா பைப் ரிப்பேர் பண்ண வந்தவ மாதிரி இருக்கோ என்னமோ."

"வேற எடம் பாருக்கா."

"ஏன்டா, நீதான் அந்த ஆபீஸ்ல இருக்கியே. நான் என்ன தப்பு பண்றேன்னு கொஞ்சம் சொல்லக் கூடாதா? சம்பளச் சீட்டு கொண்டு போறேன். தலைய வாரிட்டுப் போறேன். செருப்பை வெளிய விடறேன். அதுக்கு மேல என்ன?"

நான் சொல்லியிருக்கலாம். அக்கா, விடுவாங்களான்னு கேக்காதே, வருமான்னு கேளு. பேச ஐந்து வினாடி. அடுத்த வீட்டில் சாவி கிடைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்றால், அக்காவிடம் எதுவும் தங்காது. நல்லது எது கிடைத்தாலும் பங்கு வைத்துவிடுவாள். மறுநாளே கரை முழுக்க 'வரும்' என்று பேச ஆரம்பிக்கும். வீட்டுக்காரர்கள் முழித்துக்கொள்வார்கள். இந்த ரகசியம் யாருக்குத் தெரிந்திருக்கும், யார் வெளியே விட்டது என்று சங்கத்துக்காரர் யோசிப்பார். யோசித்துக்கொண்டே மாடியைப் பார்ப்பார். இதையெல்லாம் நிதானமாக எண்ணிப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். பயத்தில் தடுமாறிச் செய்தது இல்லை.

முப்பத்தோராவது வீடு எங்கள் வீட்டின் பின்பக்கம். புரோக்கர் அனுப்பியிருக்கிறான். சங்கத்துக்காரர் கூப்பிட்டார். படியிறங்கி வந்தேன். கொல்லையில் அக்கா நின்றிருந்தாள். சலவைச் சோடா பட்டு வெளுத்த விரல்களால் சம்பளச் சீட்டைப் பிடித்திருந்தாள்.

என்னைப் பார்த்தாள். என் லுங்கியைப் பார்த்தாள், கையில் இருந்த மாடிச் சாவியைப் பார்த்தாள். குவார்ட்டர்ஸ் இல்லை என்பது அந்த நிமிடமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"வணக்கம் சார்" என்றாள் என்னிடம்.

முன்பின் தெரியாதவனிடம் பேசுவது போலவே சொன்னாள். தம்பி மறைத்துவைத்திருப்பதைத் தான் உடைக்கக் கூடாது என்று அவ்வளவு சீக்கிரத்தில் முடிவு செய்திருக்கிறாள். சங்கத்துக்காரர் குழாயைக் காட்டினார். அக்கா என் பக்கம் திரும்பி, வாடகைக்கு இருக்கிற மனிதரிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டாள்.

"தண்ணி எப்ப விடுவாங்க சார்?"

நான் ஒன்றும் பேசவில்லை. நிறைய நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்: அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை. அது உண்மை. சங்கத்துக்காரர் என்னைத் தனியாக இழுத்து மெதுவாகச் சொன்னார்.

"கரைதான் போல. ஆனா பாவம் தம்பி, நல்ல அம்மாவா தெரியுது. புருஷனுக்கும் உடம்பு சரியில்லையாம். ஆஸ்பத்திரி வேற பக்கத்துல. இந்த ஒரு தடவை குடுத்துடலாமா?"

சட்டம் வந்தும் திருந்தாத மனிதர், அன்றைக்கு இளகி நின்றார். என்னைக் கேட்டார். அவள் கீழே குடிவந்தால் ஒரு வாரம்கூட 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. மாமா இருமிக்கொண்டே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கரையிலிருந்து ஜனம் பார்க்க வரும். எனக்கு அந்தக் கிழக்கு ஜன்னல் வேண்டியிருந்தது.

நான் தலையை ஆட்டினேன்.

"இப்பத்தான்மா ஒருத்தர் பேசி முடிச்சாரு" என்றார் அவர். அக்கா, "பரவாயில்ல சார்" என்றாள். போகும்போது என்னையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் போன் வந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். "ஜன்னல் பெருசா இருக்குடா. வெளிச்சம் நல்லா வரும். நீ நல்லா இரு, நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். அப்புறம், "அந்த ஆளு குடுக்கற மாதிரிதான்டா நின்னாரு. கடைசியில என்ன ஆச்சு? நான் ஏதாவது தப்பா கேட்டுட்டேனா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா. முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க" என்றேன். எத்தனையோ வீட்டில் எனக்குச் சொல்லப்பட்ட அதே வரி. குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் வந்தது.

அவர்கள் கொட்டகைக்குப் போனார்கள். மாமா மூன்றாவது மாதம் போய்விட்டார். பஸ்ஸில், ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினாலு கிலோமீட்டர் இருக்கும்போது. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்குகிறார் என்று நினைத்து நாலு நிறுத்தம் வந்திருக்கிறாள். காரியத்துக்குப் போனேன். முன்வரிசையில் நின்றேன். தம்பி வந்துவிட்டான் என்று அவள் மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

மாடி வீட்டை நான் காலி செய்துவிட்டேன் என்று சொன்னால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். செய்யவில்லை. இன்று காலையும் அங்கிருந்துதான் கிளம்பி வந்தேன்.

அறுபத்து நான்காவது மனு அவளுடையது. அது விஷயமாக நீங்கள் கூப்பிட்டு, வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் இல்லை. ஆபீஸில் என்னைத் தெரிந்தவள் போல் காட்டிக்கொண்டால் எனக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறாள். அவள் இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். நேற்றும் ஒரு தெருவுக்குப் போயிருப்பாள். நேற்றும் அதையேதான் கேட்டிருப்பாள்.

கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் போட்டுவிட்டேன். எது கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், எதிர்த்துப் பேச மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அவளைக் கூப்பிடும்போது இந்தத் தாள்களைப் படித்துக் காட்ட வேண்டாம். நானே அவளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேடம். இந்த வராந்தாவிலேயே இரண்டு தடவை அவளைக் கடந்து போனேன். இரண்டு தடவையும் நேரம் சரியாக இல்லை.

அக்காவுக்கு நான் ஒரு சொல் பாக்கி. 'வரும்' என்கிற சொல். அதை இன்னும் கொடுக்கவில்லை.